மேஜர் வந்து சொல்லும்வரை

உமாபதி சாரை நாங்கள் கல்லுளிமங்கன் என்போம். முகத்துக்கு நேரே இல்லை, எங்கள் வீட்டுக்குள்தான். டொரண்டோவின் டோர்செட் பார்க்கில் அந்த உயரமான கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் இரண்டே இரண்டு. ஒன்று நாங்கள். எதிர்க் கதவில் அவரும் அவர் மனைவி அன்னம் அக்காவும். லிப்டில் ஏறிக் கீழே போய்ச் சேரும்வரை அந்த மனிதரிடமிருந்து வருவது ஒரு தலையாட்டல்தான். "குளிர் ஜாஸ்தி இல்ல சார்?" என்று கேட்டால் "ஆமா" என்பார். "நேத்தைக்கு இது பரவாயில்ல" என்றால் அதற்கும் "ஆமா" என்பார். எனக்கோ வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றால் தலை வெடித்துவிடும். அவரோடு லிப்டில் போவதைவிட ஒன்பது மாடி இறங்கிப் போகலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

திருச்சி தந்தி ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்து, 1973இல் ஓய்வு பெற்று வந்தவர். ஒரே மகள் கல்யாணி பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, அப்பா அம்மாவை வரவழைத்திருந்தாள். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மின்விளக்குக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி கட்டும் வேலையைத் தேடிக்கொண்டு, அன்னம் அக்காவையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

ஆள் ஒல்லி. நடந்தால் சத்தமே வராது. பின்னால் வந்து நிற்பது தெரியாமல் நான் பல தடவை தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால் கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். யாருக்கும் தெரியாத மாதிரி நாற்காலியைச் சுவர் பக்கம் நகர்த்திக்கொள்வார். தந்தி ஆபீசில் இதையெல்லாமா பழக்குகிறார்கள் என்று என் கணவர் கேட்டார். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. கூட வேலை செய்பவர் வந்து தன் காரில் ஏற்றிப் போய்விடுவதால் எங்கள் கார் பெரும்பாலும் என் கையில்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கதைக்குள் நானும் வந்து மாட்டிக்கொண்டேன்.

அன்னம் அக்கா அவருக்கு நேர் எதிர். வாய் ஓயாது. பழகிய முதல் மாதமே, என் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"இவரு யுத்த காலத்துல ஒருத்தியோட குடித்தனம் பண்ணினவரு, தெரியுமா வேணி?"

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்வது போலச் சொன்னார். நான் கீரையைத் தண்டோடு பாத்திரத்தில் போட்டுவிட்டேன்.

கல்யாணம் ஆனது மாயவரத்தில். தியாகு என்று ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது ஆனபோது உமாபதி சார் பட்டாளத்தில் தந்திப் பிரிவில் சேர்ந்தார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. மாதச் சம்பளத்தில் அக்காவுக்கென்று எழுதிவைத்த பங்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆள் எங்கே என்று கேட்டால் பட்டாளத்து ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில், கண்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் மாயவரத்துக்கு வந்தார். உமாபதியைக் கண்டிக் கடைவீதியில் பார்த்தாராம். பக்கத்தில் சீனாக்காரி மாதிரி ஒரு பெண். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். முன்னே பின்னே பார்க்காதவன் போல, "என் பேரு டேவிட், நீங்க யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசறீங்க" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார் நம் ஆள். ஜவுளிக்கடைக்காரர் விடவில்லை. பின்னாலேயே போய், இருவரும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஊரே மூக்கில் விரலை வைத்தது. அதே வருஷம் ஐப்பசி மழையில் தியாகுவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. சில நாளிலேயே போய்விட்டான்.

"எங்க மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா? புருஷனைக் கையில வெச்சுக்கத் தெரியாதவ, புள்ளையையும் வெச்சுக்கத் தெரியலைன்னாங்க. பொணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி."

அன்னம் அக்கா எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது பழைய முகத்தோடு வந்தார்.

யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாக அவர் திரும்பியதும், எங்கே இருந்தீர்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்றாராம். அந்தப் பெண் யார்? அதையும் சொல்ல முடியாது. "சொல்ல முடியாதுன்னா வேற என்ன அர்த்தம்? அழுதேன், பட்டினி கெடந்தேன், கெணத்தங்கரை வரைக்கும் போனேன். அப்புறம் கல்யாணி பொறந்தா. யோசிச்சுப் பார்த்தேன். வயசு ஆம்பளை, ஊரு பேரு தெரியாத எடம், நாளைக்கு உசிரோட இருப்போமான்னு தெரியாது. சபலம் வந்திருக்கும். போகட்டும்னு விட்டுட்டேன். மனசார விட்டுட்டேன் வேணி. ஒரே ஒரு தடவை, தப்புதான் அன்னம்னு அவர் வாயால சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

அன்றிலிருந்து உமாபதி சாருக்குக் காபி கொடுத்தால் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன்.

1975 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே ஒரு மெஷின் கெட்டுப்போய், அதன் பின்புறத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் தரையில் படுத்திருந்தார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும், சீனர். ஆல்பர்ட் சோங் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது. நான் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். உமாபதி சார் கூடையோடு உள்ளே வந்தார், வழக்கம்போல் சத்தமில்லாமல்.

தரையில் கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"டேவிட்," என்றார். "டேவிட் மாசிலாமணி."

உமாபதி சார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "மன்னிக்க வேண்டும், நீங்கள் யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்," என்றார் இங்கிலீஷில். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான வாக்கியத்தை நான் கேட்டதே அன்றுதான். துவைக்காத துணியோடு திரும்பி, படியேறிப் போய்விட்டார்.

ஆல்பர்ட் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆகி, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனேதான். அந்த வாக்கியத்தைக் கண்டியில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. அவன்தான் அதில் முதல் மாணவன்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பெண் யார்?" என்று கேட்டேன். ஊர் பேர் தெரியாத மனிதரிடம் முதல் கேள்வியாக இதைக் கேட்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

மெஷின் அப்படியே கிடக்க, ஆல்பர்ட் சொன்னார். யுத்தத்தில் அவர்கள் ஒரு படையில் இருந்தார்கள். அதற்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும். ஆங்கிலேயர், கனடாக்காரர், டச்சுக்காரர், கூர்க்கா, மலாய்க்காரர், பர்மாக்காரர், ஆல்பர்டைப் போல வான்கூவரில் பிறந்த சீனர்கள், தமிழர்கள் என்று கலந்துகட்டிய படை. ஐந்தாறு பேராகப் பிரித்து, ஜப்பான்காரன் கையிலிருந்த மலாயாவுக்குள் நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருந்து பாலத்தை உடைக்க வேண்டும், ரயிலைக் கவிழ்க்க வேண்டும், பார்த்ததையெல்லாம் ரேடியோவில் தட்டி அனுப்ப வேண்டும். ஆல்பர்டின் குழுவில் தட்டும் ஆள் உமாபதி சார்.

அனுப்பும் முன்னால் ஒரு பரீட்சை உண்டு. பொய்ப் பெயரில், பொய்த் தொழிலில், ஜனங்கள் நடுவே ஓர் ஊரில் சில வாரம் வாழ்ந்து காட்ட வேண்டும். போலீசுக்கு அடையாளத்தைச் சொல்லித் தேடவும் விட்டுவிடுவார்கள். யாராவது கண்டுபிடித்துவிட்டால் படையிலிருந்து நீக்கம். உமாபதி சார் ரப்பர் தோட்டத்துக் கிளார்க் டேவிட். அவருக்கு மனைவியாக மேரி டான், பினாங்கிலிருந்து தப்பி வந்த நர்ஸ். "தெரிந்தவன் ஒருவன் கடைவீதியில் நேருக்கு நேர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அசையாமல் நின்றானாம். அதைக் கேட்டு எங்கள் தலைவர் மேஜர் எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார்," என்றார் ஆல்பர்ட். மேரி டான் பிறகு வேறொரு குழுவோடு போனாள். திரும்பி வரவில்லை.

துணியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினேன். அன்னம் அக்கா அன்று பிக்கரிங்கில் இருந்தார். கதவைத் திறந்தவரிடம், "சார், கீழ இருக்கறவர் எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றேன்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். "அவன் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "முப்பது வருஷமா அக்கா உங்களை என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மேஜர் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினார் வேணி. அவங்கவங்க சாமி பேர்ல. நான் வந்து சொல்ற வரைக்கும் நீ இந்தப் படையில இல்லை, இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு. அதை எடுத்துவிட வேண்டியவர் அவர். ஒரு நாள் லெட்டர் போடுவார், ஆள் அனுப்புவார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அறுபத்தொண்ணுல லண்டன்ல செத்துட்டார்னு பேப்பர்ல ரெண்டு வரி வந்துச்சு. அதுக்கப்புறம் எடுத்துவிடவும் ஆளில்ல."

ஆண்களுக்குச் சத்தியம் செய்வதில் ஒரு தனி ருசி இருக்கிறது. செய்தவர் ஒருவர், அதைச் சுமப்பவள் இன்னொருத்தி. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அழுகையை அடக்குகிற முகம் அது.

"எனக்கு மெடல் வேணாம், ஒண்ணும் வேணாம். அன்னத்துக்கிட்ட சொல்லணும். நான் அவளுக்குத் துரோகம் பண்ணலைன்னு அவளுக்குத் தெரியணும். அது தெரியாம ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிடக் கூடாது. அது ஒண்ணுதான்."

"இப்பவே சொல்லுங்களேன் சார்."

"முறை இருக்கு," என்றார்.

முறைக்கு ஆல்பர்ட் வழி கண்டுபிடித்தார். மேஜருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் கேப்டன் ராஸ், கனடாக்காரர், டொரண்டோவில்தான் இருந்தார். நவம்பரில் முன்னாள் படைவீரர்களின் சங்கக் கட்டடத்தில் அவர்கள் கூடிச் சாப்பிடுவது வழக்கம். லீஜியன் ஹால் என்பார்கள். மேஜர் இல்லாத இடத்தில் கேப்டன் சொன்னால் செல்லும் என்று உமாபதி சார் ஒத்துக்கொண்டார். அதை ஒத்துக்கொள்ளவே அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை அன்னம் அக்காவிடம் நானும் மூச்சு விடக் கூடாதாம். எதிர்வீட்டில் இருந்துகொண்டு, தினம் முகம் பார்த்துக்கொண்டு, இரண்டு மாதம் அந்த விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவர் எப்படி முப்பது வருஷம் வைத்திருந்தார் என்று யோசித்தால் பயமாகக்கூட இருந்தது.

விருந்தன்று மத்தியானம், ஹால் இருந்த கிங்ஸ்டன் ரோட்டுக்கு அவரை நான்தான் காரில் அழைத்துப் போனேன். கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை, மொடமொடவென்று இஸ்திரி போட்டது. ஹாலில் முப்பது நாற்பது கிழவர்கள், அவர்கள் மனைவிமார்கள், உருளைக்கிழங்கு வாசனை. சுவரில் ஒரு பெரிய போட்டோ: காட்டு மரங்களுக்கு முன்னால் தாடியும் மீசையுமாக ஆறு பேர். ஓரத்தில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எலும்பாக உமாபதி சார். கீழே டேவிட் என்று அச்சடித்திருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அது மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கேப்டன் ராஸுக்குக் காது மந்தம். உமாபதி சார் அவர் முன்னால் விறைப்பாக நின்று, தன்னைச் சத்தியத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்றார். கிழவருக்குப் புரியவில்லை. ஆல்பர்ட் காதருகே குனிந்து விளக்கினார்.

"விடுவிப்பதா?" என்றார் கேப்டன். "அது நாற்பத்தைந்திலேயே முடிந்துவிட்டதே. கொழும்பில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து மேஜரே சொன்னார். சங்கேதத்தையும் ஆட்களின் உண்மைப் பெயரையும் தவிர மற்றதை வீட்டில் சொல்லலாம் என்று. போய் உங்கள் மனைவிமாரிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றுகூடச் சொன்னாரே."

உமாபதி சார் அப்போது, காட்டில் பட்டினி கிடந்து வந்த பெரிபெரி நோயோடு கல்கத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. பிறகு அவர்கள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள், பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசினார்கள், மதுக்கடையில் கதை சொன்னார்கள். "டேவிட் இன்னும் காட்டிலேயே இருக்கிறான்" என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல, ஹாலே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஒருவர் தோளைத் தட்டினார், இன்னொருவர் பீர் வாங்கி வந்து கையில் கொடுத்தார். உமாபதி சாரும் சிரித்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவர் பேசினார். அட்டை கடித்த கதை, ரேடியோவின் பாட்டரியை மூங்கில் புதரில் புதைத்த கதை, காட்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று எல்லோரும் வாந்தி எடுத்த கதை. முப்பது வருஷம் வீணாகப் போனது அவர் மண்டையில் ஏறவே இல்லை. "அப்போ சொல்லலாம் வேணி. முறையாவே சொல்லலாம்," என்று கென்னடி ரோடு வருவதற்குள் நாலைந்து தடவை சொல்லிவிட்டார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அன்னம் அக்காவின் முகம் எப்படி மலரும் என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

தான் மட்டும் சொன்னால் நம்பமாட்டாள், சாட்சி வேண்டும் என்று ஆல்பர்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். கணவரின் பழைய பட்டாளத்துச் சிநேகிதர் வருகிறார் என்பதே அக்காவுக்குப் பெரிய ஆச்சரியம். மெதுவடை சுட்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

ஆல்பர்ட் நிதானமாகச் சொன்னார். உமாபதி சார் நடுநடுவே தமிழில் சேர்த்துக்கொண்டார். படை, நீர்மூழ்கிக் கப்பல், காடு, கண்டிப் பரீட்சை, மேரி டான். அவர் தரையில் படுத்தார், மேரி கட்டிலில் படுத்தாள், இரண்டு பேருக்கும் நடுவே எப்போதும் மேஜையும் ரேடியோவும். அக்கா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டில் வடை ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். சொன்னேன். "அடப் பாவமே," என்றார். கண் கலங்கியது. அவ்வளவு வருஷம் மனதுக்குள் திட்டித் தீர்த்த பெண்ணுக்காகக் கலங்கியது.

பிறகு ஆல்பர்ட், கொழும்பில் நடந்ததையும் கல்கத்தா ஆஸ்பத்திரியையும் சொன்னார். தன் நண்பன்மேல் பாவம் வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். "சீனர்களான எங்களுக்கு அப்போது இந்த நாட்டில் ஓட்டுரிமைகூடக் கிடையாது. இருந்தும் நானும் சத்தியம் செய்தேன். ஆனால் மேஜர் சொல்லாமல் இருந்திருந்தாலும் என் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். வான்கூவர் ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் அவள் அழுத அழுகைக்கு யாராலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது."

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

ஆல்பர்ட் கிளம்பினார். அக்கா வாசல்வரை வந்து கும்பிட்டு வழியனுப்பினார். நானும் எழுந்தேன். "இரு வேணி," என்றார்.

உமாபதி சார் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பறியா அன்னம்?"

"நம்பறேன்."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"நாப்பத்தாறுல நீங்க வந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்துல உங்க அம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் தட்டிலிருந்த வடையைப் பார்த்தார்.

"இவ லட்சணம் தெரிஞ்சுதான் நீ வேற எடம் பார்த்துக்கிட்டே, அந்தப் பாவம்தான் புள்ளைய வாரிக்கிட்டுப் போச்சுன்னாங்க. நான் எலை போட்டுக்கிட்டு நின்னேன். நீங்க தலையக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. குத்தம் இருக்கு, அதான் மனுஷன் வாய் தெறக்கலைன்னு நெனச்சேன். குத்தமே இல்லாமயா சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க?"

"சத்தியம் பண்ணியிருந்தேன் அன்னம்."

"யாருக்கு?"

"மேஜருக்கு."

"அவர் எப்பச் செத்தார்?"

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணுக்கு அப்புறம் யாருக்கு?"

அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். இந்தக் கேள்வியை அவர் தன்னைத் தானே ஒரு நாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜப்பான்காரன் கையில் சிக்கினால் என்ன கேட்பான், எப்படி மழுப்ப வேண்டும் என்றெல்லாம் பழகிவைத்திருந்த மனிதர். இதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"தியாகு செத்ததுக்கு என்னையே நான் காரணமா நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும். ராத்திரி ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு நான் அழுததைக் கேட்டீங்க. ஒரு வார்த்தை போதும். ஊரு பேரு எதுவும் வேணாம். அன்னம், பொம்பளை இல்ல, வேற வேலைன்னு ஒரு வார்த்தை."

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வடைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கி, "உங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ வேணி, வீணாப் போகும்" என்று என் கையில் கொடுத்தார்.

மறுநாள் கல்யாணி வந்து அம்மாவை பிக்கரிங்குக்கு அழைத்துப் போனாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும் என்று எல்லோரும் நினைத்தோம். டிசம்பரில் அக்கா தன் புடவைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்.

நான் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். எனக்கும் இதில் பங்கு இருக்கிறதே. "நீங்க மன்னிச்சவங்கதானே அக்கா? அப்ப அவர் தப்பே பண்ணலைன்னு தெரிஞ்சதும் சந்தோஷம்தானே படணும்?"

"பொம்பளைன்னா அது ஒரு நாள் நடந்து, ஒரு நாள் முடிஞ்சுபோன விஷயம் வேணி. அதை மன்னிச்சுட முடிஞ்சுது. இது அப்படி இல்லையே. தெனம் காலையில எழுந்திருச்சு, என் மூஞ்சியப் பார்த்து, இன்னைக்கும் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணியிருக்கார். முப்பது வருஷமா, தெனமும். இதுல எந்த நாளை மன்னிக்கறது?"

வண்டியில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

உமாபதி சார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி பிக்கரிங் போனார். அங்கே சண்டை, சச்சரவு எதுவும் கிடையாது. அக்கா அவருக்குத் தட்டு வைப்பார், சாதம் போடட்டுமா என்று கேட்பார், குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு போகச் சொல்லுவார். விருந்தாளியிடம் பேசுகிற பேச்சு. சாயந்திரம் அவர் கிளம்பினால் கல்யாணிதான் ஸ்டேஷனில் கொண்டுவிடுவாள். சங்கத்துக் கிழவர்கள் அவரை அடுத்த வருஷ விருந்துக்கு அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஒன்றுக்கும் போகவில்லை. ஆல்பர்ட் இரண்டு மூன்று தடவை வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார். "நான் அந்த ஸ்டேஷன் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நீங்கள் சொல்லவில்லையென்றாலும் அக்காவே கேட்டிருப்பார் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

1977 ஜனவரியில் ஒரு ஞாயிறு, பனி கொட்டி ரயில் நின்றுவிட்டது. காரில் நான் அழைத்துப் போனேன். திரும்பும்போது நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கொடுத்தனுப்பிய ரசம் மடியில் இருந்தது. நான் வழக்கம்போல் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று, "காலம் போனா மனசு மாறும் சார்" என்றேன்.

"மாறாது வேணி," என்றார். சொல்லிவிட்டு, என்னிடமோ தன்னிடமோ, மெதுவாகப் பேசினார்.

"முன்னாடி என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அவ அழுதாலும், அம்மா ஏசினாலும், ஊரு சிரிச்சாலும், ஒரு நாள் இதைச் சொல்லுவேன், அன்னைக்கு எல்லாம் சரியாயிடும்னு உள்ளுக்குள்ள வெச்சிருந்தேன். அதை வெச்சுத்தான் காலம் தள்ளினேன். இப்ப அதைச் சொல்லியாச்சு. இனிமே அவளுக்குச் சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல."